கேபிள்காரர் வீட்டு டிஷ்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அன்று நான் கேசரித் தட்டை நீட்டியதும் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மறு நொடியே அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்களே தவிர யாரும் அணைக்கவில்லை. படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் அதே முகம் இன்னொன்று மங்கலாகத் தெரிந்தது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவருக்குத் தாங்கவில்லை.

"ஒரு நிமிசம்" என்று எழுந்தவர் டிவியை லேசாக முன்னால் இழுத்தார், பின்பக்கம் குனிந்தார், ஒயரைக் கழற்றினார். "கத்திரிகோலு கீதா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அப்பா ஓடிப்போய் எடுத்து வந்தார். இரண்டு பேரும் டிவிக்குப் பின்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஏதோ பேசினார்கள். நான் தட்டோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரே முகமாகத் தெரிந்தது. அம்மா தன்னை மறந்து, "அடடே, அந்தப் பிள்ள மூக்குத்தி போட்டிருக்காளே" என்றாள். அத்தனை நாள் பார்த்த தொடரில் அன்றுதான் அந்த மூக்குத்தி அவள் கண்ணில் பட்டது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பா என்னிடம் வந்து சொன்னார்: "பய கேசரியத் தொடல. ஒயரத்தான் தொட்டான். நம்ம ஆளுதாம்ட்டி."

இப்படித்தான் நான் பூந்தமல்லிப் பக்கம் நூம்பலுக்கு மருமகளாக வந்தேன். என் வீட்டுக்காரருடைய தாத்தா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. மாமனார் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். இவர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கேபிள் இழுக்கப் போய், கொஞ்ச வருஷத்தில் நூம்பலிலும் வேலப்பன்சாவடிப் பக்கம் சில தெருக்களிலும் சொந்தமாகக் கேபிள் நடத்த ஆரம்பித்துவிட்டார். வீட்டு முன்னறைதான் கண்ட்ரோல் ரூம். ஒரு இரும்பு அலமாரி நிறைய பெட்டிகள் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் என்று சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். மொட்டை மாடியில் நாலு பெரிய டிஷ். ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் என்கிற அளவு. என் மாமியார் அதில் ஒன்றின் ஓரத்தில்தான் வற்றல் காய வைப்பார். அத்தை வற்றலைக் கொட்டும் நேரத்தில் இரண்டு விளையாட்டு சேனல்கள் மங்கிவிடும் என்பது அந்தத் தெருவில் பலருக்குத் தெரிந்திருந்தது.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். அதனால் அந்த அலமாரி எனக்குப் பிடித்துப் போயிற்று. கல்யாணமான புதிதில், சமையல் முடித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் ஒவ்வொரு பெட்டியாகச் சொல்லிக் கொடுப்பார். எது வானத்திலிருந்து வருவதை வாங்குகிறது, எது அதை ஒயரில் ஏற்றுகிறது என்று. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே போனார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், அத்தை "ரெண்டும் கண்ட்ரோல் ரூம்ல கீது" என்பார். அவர்கள் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார்களோ, ரொம்பச் சிரிப்பார்கள்.

அந்த நாட்களில்தான் செட்டாப் பாக்ஸ் பேச்சு வந்தது. இனிமேல் கட்டண சேனல்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டிலும் டிவி பக்கத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். இவர் ஆசையோடு கொஞ்சம் பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி இறக்கினார். "இனிமே படம் கண்ணாடி மாரி இருக்கும், பாரு" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். ஆனால் ஜனங்கள் பார்க்கிற தமிழ் சேனல்கள் எல்லாம் பெட்டி இல்லாமலே வந்தன. அப்புறம் பெட்டி எதற்கு? "சீரியல் வருதில்ல அண்ணாத்தே, போதும்" என்று கதவருகிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். பெட்டிகள் எங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அடுக்கியபடியே கிடந்தன. அத்தை அதன்மேல் துணி விரித்து அயர்ன் பண்ண ஆரம்பித்தார். உயரம் சரியாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

பெட்டி போகாத தெருவுக்குள், கேபிளே இல்லாமல் அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஷ் நுழைந்தது. புதிதாகக் கட்டிய ஒரு அபார்ட்மெண்ட் மாடியில் தோசைக்கல் அளவில் ஒன்று முளைத்திருப்பதை இவர்தான் முதலில் பார்த்தார். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்.

"நம்ம டிஷ்ஷு மின்னாடி அது இன்னா, பொம்ம மாரி கீது. ஒரு மயைக்குத் தாங்குமா அது? நாலு தூறல் போட்டா படம் புட்டுக்கும்."

கேபிள்காரர்கள் சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். டிஷ் ஒரு மழைக்காலம் தாண்டாது என்று ஒருவர் மேஜையைத் தட்டிச் சொன்னாராம். இவர் அதை எனக்கும் மேஜையைத் தட்டியே சொல்லிக் காண்பித்தார்.

அடுத்த வாரம் ஒரு அழைப்பிதழ் வந்தது. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில், டிஷ் கம்பெனிக்காரர்கள் விற்பனையாளர்களைத் தேடிக் கூட்டம் போடுகிறார்கள். கேபிள் நடத்துகிறவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இவர் அதை மடித்து, ஆடுகிற அலமாரியின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். நான் அதை உருவி எடுத்தேன். "நான் போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

"போயேன். பிரியாணி போடுவானுங்க, துன்னுட்டு வா" என்றார்.

மண்டபத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். டை கட்டிய ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஒரு வீடு, அதன் மேல் டிஷ், மேலே ஒரு செயற்கைக்கோள், நடுவில் எந்த ஒயரும் இல்லை. இன்னும் சில வருஷத்தில் கேபிள் என்கிற வார்த்தையே இருக்காது என்றார். அதைச் சொல்லும்போது அவரும் மேஜையைத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் கையைத் தூக்கினேன்.

"சார், பெரிய மழை பெஞ்சா படம் போயிடும்னு சொல்றாங்களே?"

அவர் ஒரு நொடி யோசித்தார். "மேடம், பெரிய மழை பெஞ்சா உங்க ஏரியாவுல கரண்ட் இருக்குமா?"

"இருக்காது சார்."

"அப்ப யாரு டிவி பாக்கப் போறா?"

மண்டபமே சிரித்தது, நானும்தான். அந்தப் பதில் சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிச் சிரிக்க வைத்துப் பேசுகிறவர்கள் எப்படியும் விற்றுவிடுவார்கள் என்று அங்கேயே தோன்றியது. வெளியே வரும்போது என் கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்தது. அதை ஷேர் வேனில் உட்கார்ந்து பூர்த்தி செய்தேன்.

இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பிரியாணியைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பாதி சாப்பிட்டதும் சொன்னேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஊட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?"

"எதிர்க்கட்சி இல்லைங்க. நசரத்பேட்டைல, திருவேற்காட்டுல உங்க ஒயர் போகாத இடத்துல மட்டும் விக்கிறேன். நம்ம லைனைத் தொட மாட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை, "பிரியாணி ஆறுது, துன்னு" என்றார். இவர் மீதியையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "நூம்பல்ல ஒரு டிஷ் ஏறுச்சின்னா பாத்துக்க" என்றார். அதுதான் அனுமதி.

முன்னறையில் ஒரு பாதி கண்ட்ரோல் ரூம், மறுபாதி என் கடை என்றானது. வாசலில் அவருடைய பழைய போர்டுக்குப் பக்கத்தில் என்னுடையது. வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்ட ஒரு சின்ன டிவியும் டிஷ்ஷும் வைத்தேன். மாடியில் நாலு பெரிய டிஷ்களுக்கு நடுவே இந்தச் சின்னது நின்றது. அத்தை அதன் மேல் வற்றல் காயப்போட முடியாது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னார்.

அத்தை கண்டுபிடித்த இன்னொன்று எங்கள் தெருவுக்கே விருந்தாகிவிட்டது. டிஷ்ஷில் வருகிற படம் கேபிளைவிடச் சில நொடிகள் தாமதமாக வரும். பொட்டலம் கட்டி இன்னொரு தடவை மேலே போய்க் கீழே வந்து, பெட்டி அதைப் பிரித்துக் காட்டுவதற்குள் ஆகிற தாமதம் அது. அத்தை தன் தொடரைக் கூடத்தில் கேபிளில் பார்ப்பார். கதாநாயகி ஓங்கி ஒரு அறை விட்டாள் என்றால், உடனே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னறைக்கு ஓடி வருவார். இங்கே அப்போதுதான் கை ஓங்கிக்கொண்டிருக்கும். "வாங்கு, நல்லா வாங்கு" என்று இரண்டாவது முறையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். தினமும் அந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் கூடத்துக்கும் முன்னறைக்குமாக ஓடுவார்கள். ஒருத்தி என்னிடம், "ரெண்டுல எது நல்லாருக்குதுன்னு வாங்கறது, சொல்லு" என்றாள். அத்தை முந்திக்கொண்டார்: "ரெண்டும் வேணும்டி. ஒண்ணுல ஒரு தபாதான் அடிக்கறா."

என் முதல் இணைப்பு நசரத்பேட்டையில், நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு புது வீட்டில். பொருத்தித் தருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் லீவு போட்டுக் காத்திருந்தார். நானே மாடிக்கு ஏறினேன். புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு போல்ட்டெல்லாம் முடுக்கிவிட்டேன். டிஷ்ஷைத் தெற்கே பார்த்து அண்ணாந்து வைக்க வேண்டும் என்பது பாடமாகத் தெரியும். ஆனால் வானம் பெரியதாக இருந்தது. ஒரு விரற்கடை திருப்பினால் போதும், சிக்னல் காட்டும் கோடு திரையில் வரவேண்டும். வரவில்லை. கீழே இருந்து வீட்டுக்காரர் "இல்ல மேடம்... இன்னும் இல்ல மேடம்..." என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவர் குரலில் பொறுமை குறைந்தது தெரிந்தது.

வேறு வழியில்லாமல் இவருக்குப் போன் பண்ணினேன். "வந்துகினு கீறேன்" என்றார். மொபெட்டை நிறுத்திவிட்டு ஏறி வந்தார். வெயிலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். டிஷ்ஷின் பின்னால் நின்று, குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி மெல்லத் திருப்பினார்.

"வந்துடுச்சி! வந்துடுச்சி!" கீழே இருந்து சத்தம் கேட்டது.

"எப்படிங்க?" என்றேன்.

"நம்ம மாடில கீற பெருசுங்கள இத்தினி வருசமா யாரு திருப்பிக்கினு கீறது? இதுவும் அதே வானத்தத்தான் பாக்குது." பிறகு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, "சொல்லக்கூடாது... படம் சோக்காத்தான் கீது" என்றார்.

திரும்பும்போது இரண்டு பேரும் வழியில் இளநீர் குடித்தோம். அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நானே ஏறிப் பொருத்தினேன். புடவையை விட்டுவிட்டுச் சுடிதாருக்கு மாறினேன். திருவேற்காட்டில் கோயிலைச் சுற்றிப் புதிது புதிதாக வீடுகள் வந்துகொண்டிருந்தன. ஏணியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் இரண்டு மூன்று வீடு முடித்துவிடலாம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் வாக்கை மீறினேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மலையாளி நர்ஸ் குடிவந்திருந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. கணவர் வெளிநாட்டில். ஊரிலிருந்து அவருடைய அம்மாவைக் கூட்டி வந்து வைத்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். நர்ஸ் இவரிடம் வந்து, ஒரே ஒரு மலையாள சேனல் போட முடியுமா என்று கேட்டார். இவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்தக் காலத்து ஒயரில் இத்தனை சேனல்தான் ஏற்ற முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லா இடமும் நிரம்பியிருந்தது. ஒன்றை இறக்கினால்தான் இன்னொன்றை ஏற்றலாம். இருக்கிற எதை எடுத்தாலும் ஒரு தெருவே சண்டைக்கு வரும்.

"பஸ் ஃபுல்லும்மா. ஃபுட்போர்டுல கூட எடமில்ல" என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து அந்த நர்ஸ் மறுபடி வந்தார். இவர் வெளியே போயிருந்தார். "சேச்சி, அம்ம சரியா சாப்பிடறது கூட இல்ல. டிஷ் வெச்சா மலையாளம் கிட்டுமா?" என்றார். கிட்டும். ஒன்றல்ல, ஏழெட்டு கிட்டும். என் மேஜைக்குக் கீழே டிஷ் தயாராக இருந்தது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தெருவில் விற்கமாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? மறுநாள் காலை இவர் வேலப்பன்சாவடிப் பக்கம் போன நேரம் பார்த்து, வேகவேகமாகப் போய்ப் பொருத்திவிட்டு ஓடி வந்தேன். இருந்தாலும், டிவியில் மலையாளம் கேட்டதும் அந்த அம்மா எழுந்து வந்து திரைக்கு வெகு அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் தெருக்கோடியில் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க இவர் கம்பத்தில் ஏறினார். அந்தக் கம்பத்திலிருந்து நர்ஸ் வீட்டு மொட்டை மாடி நேராகத் தெரியும் என்பது நான் யோசிக்காத விஷயம். டிஷ்ஷின் முதுகில் என் கடை ஸ்டிக்கர், பெரிய எழுத்தில்.

வீட்டுக்கு வந்தார். ஏணியைச் சாய்த்து வைத்தார். முகம் கழுவினார். "காபி போடு" என்றார். நான் போட்டுக்கொண்டு வந்து எதிரில் நின்றேன். ஆற்றி ஆற்றிக் குடித்தார். அத்தை கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"கோடி ஊட்டுல ஒரு டிஷ் கீது."

"ஆமாங்க."

"யாரு போட்டது?"

"நான்தாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஒயுங்கா போடறதில்ல? கெயக்கால சாஞ்சிக்கினு கீது. ஒரு காத்து அடிச்சா அந்தம்மாவுக்குப் படம் பூடும். நான் மேல ஏறி, திருப்பி, டைட்டு வெச்சிட்டு வந்தேன்."

சமையலறைக்குப் போய் அழுதேன், ஆனால் அது துக்கத்தில் இல்லை. அவர் பின்னாலேயே வந்து, "இன்னாமே, நான் இன்னா திட்டினேனா?" என்று பதறினார். அதற்குள் கூடத்தில் டிவி சத்தம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அத்தைக்குக் கவலை தீர்ந்தது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அவர் கண்ட்ரோல் ரூமில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தம்மாவுக்கு ஒரு சேனல் குடுக்க என்னால முடியல பாரு" என்றார். "அதான் வெசயம். மயையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம ஒயருல எடமில்ல."

ஒயரில் இடம் உண்டாக்க ஒரே வழி, கேபிளையும் டிஜிட்டல் ஆக்குவது. ஒரு சேனல் உட்காருகிற இடத்தில் பத்து சேனலை நெருக்கி உட்காரவைக்கலாம். ஆனால் அதற்கான கருவிகளை எங்களைப் போன்றவர்கள் சொந்தமாக வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஒரு பெரிய நிறுவனம் எல்லா சேனல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, கண்ணாடி இழை வழியாக எங்கள் வாசல் வரை கொண்டுவந்து தருவதாகச் சொன்னது. அங்கிருந்து வீடுகளுக்கு எடுத்துப் போவது எங்கள் பாடு. பக்கத்து ஊர் ஆபரேட்டர்கள் சிலர் லைனையே விற்றுவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போனார்கள். இவருக்கு விற்க மனசில்லை. பேச்சுவார்த்தைக்கு என்னையும் அழைத்துப் போனார். அம்பத்தூரில் ஒரு குளிரூட்டிய அறை. நிறுவனத்து ஆட்கள் படம் போட்டுக் காட்டினார்கள். மொழி வாரியாக சேனல் பட்டியல், பெட்டி கெட்டால் யார் மாற்றித் தருவது, ஒரு நாள் படம் நின்றால் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்று நான் வரிசையாகக் கேட்டேன். டிஷ் விற்றதில் ஜனங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் அத்தனையும். ஒரு கட்டத்தில் அவர்கள் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்கள். இவர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஒப்பந்தம் முடிந்தது. பிறகு ஒரு பத்து நாள் எங்கள் வாழ்க்கையிலேயே ஓட்டமான நாட்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டி வைக்க வேண்டும். இவர் ஒயரைப் பார்ப்பார். நான் பெட்டியை இயக்கி, சேனல் எண்களைச் சொல்லிக் கொடுப்பேன். டிஷ் பெட்டியில் கை பழகியிருந்ததால் எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. யாராவது இவரிடம் ரிமோட்டை நீட்டினால், "எனக்குத் தெர்லபா, மேடத்தக் கேளு" என்பார். அந்த "மேடம்" என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பதற்காகவே சில பெண்கள் ரிமோட்டை வேண்டுமென்றே அவரிடம் நீட்டினார்கள். போகிற வீட்டிலெல்லாம் மோர், காபி, வடை. அந்தப் பத்து நாளில் இரண்டு பேருக்கும் எடை கூடியது. அப்பா ஆவடியிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, மருமகனோடு கம்பத்தடியில் நின்று ஒயர் பிடித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைத் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போதுகூட நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. மெயின் ரோட்டில் போன் பூத் வைத்திருந்தவருக்கு. அவருக்குக் கண் தெரியாது. பூத்துக்குக் கூட்டம் குறைந்த பிறகு ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். கடை மூலையில் ஒரு பழைய டிவி. காலையிலிருந்து சாத்துகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட், செய்தி, பழைய பாட்டு என்று அவர் கேட்காதது கிடையாது. எங்கள் லைனில் படம் போனால் முதலில் போன் பண்ணுகிறவரும் அவர்தான்.

போகும் வழியில் இவர் தயங்கினார். "படம் கண்ணாடி மாரி இருக்கும்னு ஊரு பூரா சொல்லிக்கினு வந்தோம். அவருகிட்ட இன்னான்னு சொல்றது?"

பேசாமல் போய் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இவர் ஒயரை மாற்றினார். நான் பெட்டியைச் சொருகி இயக்கினேன். ஏதோ ஒரு பாட்டு ஓடியது. பூத்காரர் எண்ணிக்கொண்டிருந்த ரீசார்ஜ் கார்டுகளை அப்படியே மேஜைமேல் வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

"இன்னா நைனா பண்ணீங்க?" என்றார் கடைசியில்.

"ஏண்ணே, சத்தம் சரியில்லியா?" இவர் பதறிவிட்டார்.

"இத்தினி வருசமா பாட்டுக்குப் பின்னாடி யாரோ அப்பளம் பொரிச்சிக்கினே இருந்தாங்க. இப்ப அடுப்ப அணைச்சிட்டாங்க."

இவர் ஒரு நொடி விழித்தார். பழைய ஒயரில் வந்த அந்த இரைச்சல் எங்கள் காதுக்கும் பழகிப்போயிருந்தது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. நான் ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து எந்த பட்டன் எங்கே என்று காட்டினேன். இரண்டே முறையில் பிடித்துக்கொண்டார். உடனே ஒவ்வொரு சேனலாகத் தாண்ட ஆரம்பித்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி. ஒரு மலையாளச் செய்தி வந்ததும் நிறுத்தி, "இது நம்ம லைன்லயா?" என்றார்.

"நம்ம லைன்லதாண்ணே" என்றார் இவர். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஆகிவிட்டது. கேபிளும் சாகவில்லை, டிஷ்ஷும் சாகவில்லை. மேஜையைத் தட்டிய இரண்டு பேருமே இப்போது எங்கேயாவது போனில்தான் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஒயரில் இன்று அதிகமாக ஓடுவது இணையம். மாடியிலிருந்த பெரிய டிஷ்களை இறக்கிவிட்டோம். ஒன்றை மட்டும் அத்தை விடவில்லை. கவிழ்த்துப் போட்டு அடியில் கோழி வளர்க்கிறார். நான் டிஷ் விற்பதைக் குறைத்துவிட்டேன், முழுவதும் விடவில்லை. இணையம் வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, அவர்களும் எதையாவது பார்க்க வேண்டுமே.

இன்று காலை திருவேற்காட்டிலிருந்து ஒரு புது அபார்ட்மெண்ட் சங்கத்தார் கூப்பிட்டார்கள். ஆறு மாடி. எல்லா வீட்டுக்கும் இணைப்பு வேண்டுமாம், யார் என்ன கேட்கிறார்களோ அது. இவர் இப்போதெல்லாம் ஏணி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்கிறார். ஆனால் ஆறு மாடி என்று கேட்டதும் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார். லிஃப்ட் இருக்கிறது என்று நான் சொன்னேன். "அப்ப நீயும் வா" என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.